பழைய ஆர்மேச்சர் திரும்பி வரும்வரை: தபாலில் பார்ட்ஸ் மாற்றும்போது டெபாசிட்டை எப்படி வைப்பது?

ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு ஜாவா–யெஸ்டி தினம். ஊருக்கு ஊர் இந்தப் பழைய மோட்டார் சைக்கிள்களைத் துடைத்துக் கிளப்பிக்கொண்டு கூட்டமாகப் போவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எனக்கு ஒரே மாதிரி போன்கள் வரும். "அண்ணா, சேலத்துல ஒருத்தர் ரீவைண்ட் பண்ணின ஆர்மேச்சர் அனுப்பறேங்கறார். என் பழசு போய்ச் சேர்ற வரைக்கும் மூவாயிரம் டெபாசிட் கேக்கறார். போடலாமா?" மறுமுனையிலிருந்தும் வரும். "போன வருஷம் குடுத்த கார்புரேட்டருக்குப் பழசு இன்னும் வரலைங்க. டெபாசிட் வாங்காம விட்டது என் தப்புதான்." (ஆர்மேச்சர் என்பது வண்டிக்கு மின்சாரம் தரும் டைனமோவுக்குள் சுழலும் கம்பிச் சுற்று. அந்தக் கம்பியைப் புதிதாகச் சுற்றுவதுதான் ரீவைண்ட்.)

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விநோதமாக இருக்கும். துருப்பிடித்த பழைய பார்ட்டுக்கு எதற்கு டெபாசிட்? காரணம் எளிது. மைசூரில் 1960களின் தொடக்கத்தில் வண்டி செய்யத் தொடங்கிய ஐடியல் ஜாவா, 1973 முதல் யெஸ்டி என்ற பெயருக்கு மாறி, 1996இல் கதவைச் சாத்தியது. ஜாவா பெயர் 2018இலும் யெஸ்டி பெயர் 2022இலும் திரும்ப வந்தன. ஆனால் அவை நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்கள். அவற்றின் பாகங்கள் நம் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு உதவாது. ஆக, நம்மிடையே சுற்றுவதெல்லாம் ஏற்கெனவே செய்த பாகங்கள்தான். ஒருவர் ரீவைண்ட் செய்த ஆர்மேச்சரைக் கொடுத்தால், அடுத்த ஆளுக்குச் செய்து கொடுக்க அவருக்கு ஒரு பழைய ஆர்மேச்சர் வேண்டும். அது வரவில்லை என்றால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். வேலைக் கூலி வேறு, டெபாசிட் வேறு. கூலி திரும்பாது, டெபாசிட் திரும்ப வேண்டும்.

சரி, அந்தப் பணத்தை யார் கையில், எந்த வடிவத்தில் வைப்பது? நான் பார்த்தவரை நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றுக்குள் போகும் முன், எதை வைத்து எடைபோடுவது என்று பேசிவிடுவோம்.

## எதை வைத்து எடைபோடுவது

பழையது நல்லதா என்று யார் சொல்வது? இதுதான் முதல் கேள்வி, பெரிய கேள்வியும்கூட. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சண்டை வருவதெல்லாம் பழைய பார்ட் வந்து சேர்ந்த பிறகுதான்.

எனக்கே நடந்தது. நான் கொடுத்த ஆர்மேச்சருக்குப் பதிலாக வந்த பழையதில் காம்யூட்டேட்டரை, அதாவது கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையத்தை, யாரோ பலமுறை லேத்தில் கடைந்திருந்தார்கள். செம்பு காகிதம் போல இருந்தது. இன்னொரு முறை கடைந்தால் ஒன்றும் மிஞ்சாது. ரீவைண்ட் செய்தும் பயனில்லை. "வேணாம்ப்பா, இது ஸ்கிராப்" என்றேன். அவர், "நேத்து வரைக்கும் என் வண்டியில ஓடினதுதானே?" என்றார். ஓடியது உண்மைதான். ஸ்கிராப் என்பதும் உண்மைதான். கையிலிருந்த 1500 ரூபாயில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். இருவருக்குமே மனசு ஆறவில்லை. இப்போதும் ஜூலை ஊர்வலத்தில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான்.

அன்று நான் செய்த தப்பு டெபாசிட் வாங்கியதில் இல்லை. "பழையது நல்ல நிலையில் இருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நல்ல நிலை என்றால் என்ன என்று சொல்லாமல் விட்டதில். இப்போது பார்ட் வாரியாக ஒரு வரி எழுதித்தான் அனுப்புகிறேன். ஆர்மேச்சர் என்றால் காம்யூட்டேட்டரில் கடைய இடம் இருக்க வேண்டும், இன்ஜின் தண்டில் உட்காரும் ஓட்டை தேய்ந்திருக்கக் கூடாது. கார்புரேட்டர் என்றால் பாடியில் வெடிப்பு இருக்கக் கூடாது, ஜெட் உட்காரும் மரை போயிருக்கக் கூடாது. ஸ்லைடு தேய்ந்திருந்தால் பரவாயில்லை. பிரேக் ஷூ என்றால் லைனர் தேய்ந்து போயிருக்கலாம், ஷூ உடைந்திருக்கக் கூடாது. கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) என்றால் கிராங்க் பின் உட்காரும் ஓட்டை பெரிதாகியிருக்கக் கூடாது. பெரிதாகிவிட்டால் புது பின் பிடிப்பாக நிற்காது.

எவ்வளவு தொகை? ரீவைண்ட் செய்த பார்ட்டின் விலையை டெபாசிட்டாகக் கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கூலியைத்தான் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதே. கொடுத்தவர் இழக்கப்போவது பழைய பார்ட்டை மட்டும். அதே மாதிரி ஒரு பழையதைப் பழைய இரும்புக் கடையில் தேடி வாங்க என்ன ஆகுமோ, அதோடு அலைச்சலுக்குக் கொஞ்சம். அதுதான் டெபாசிட். அதற்கும் குறைவாக வைத்தால் திருப்பி அனுப்பச் சோம்பல் வரும். வண்டி ஸ்டார்ட் ஆன மறுநாளே பழைய ஆர்மேச்சர் எந்த மூலையில் கிடக்கிறது என்பது மறந்துபோகும். ஆனால் அளவுக்கு மீறி வைத்தால், "அவன் பழசை எதிர்பார்க்கல, பணத்தைத்தான் எதிர்பார்க்கறான்" என்ற பேச்சு கிளம்பும்.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகையைக் குறித்திருந்தாலும், கிடைப்பது அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான். ஆயிரம் ரூபாய் பழசுக்குப் பத்தாயிரம் டெபாசிட்டை முழுசாக விழுங்குவது அந்த "நியாயமான" என்ற சொல்லுக்குள் அடங்காது. இதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனால் பேச்சு முற்றும்போது நியாயத்தின் அளவுகோல் எது என்று தெரிந்திருப்பது நல்லது.

பார்சல் தொலைந்தால் யார் தலையில்? பணம் எத்தனை நாள் முடங்கும்? இந்த இரண்டையும் ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

இரவல் கொடுப்பதும் மாற்றிக்கொள்வதும் ஒன்றல்ல, அதையும் மனதில் வையுங்கள். கிளட்ச் புல்லரை (கிளட்சைக் கழற்றும் கருவி) இரவல் கொடுத்தால் அதே புல்லர்தான் திரும்பி வர வேண்டும், சரிபார்ப்பது சுலபம். மாற்றும்போது வேறொரு பொருள் வருகிறது. சந்தேகம் அங்கேதான் நுழைகிறது.

## வழி 1: நேரடியாக யுபிஐயில் போடுவது

பெரும்பாலானோர் செய்வது இதுதான். பார்ட் கொடுப்பவரின் நம்பருக்குக் கூலியும் டெபாசிட்டும் போகும். பழசு வந்ததும் டெபாசிட் திரும்பும். செலவு இல்லை, நொடியில் முடியும், தேதியோடு பதிவும் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பணம் அவருடைய கணக்கில் மற்ற பணத்தோடு கலந்துவிடுகிறது. ஒரே சமயம் ஐந்தாறு பேரின் டெபாசிட்டை வைத்திருப்பவர், மாதக் கடைசியில் அதை எடுத்துச் செலவு செய்துவிடுவது மனித சுபாவம். ஏமாற்றும் எண்ணமே இருக்காது. "ஒண்ணாந்தேதி போட்டுடறேன்" என்பார். ஒன்றாம் தேதி பத்தாம் தேதியாகும். நான் இதற்கென்றே ஓர் அஞ்சலக சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். என் வீட்டம்மாவுக்கு அது சிரிப்பு. ஆனால் அந்தக் கணக்கில் கிடக்கும் பணம் என்னுடையதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

பழசு நல்லதா இல்லையா என்று முடிவு செய்பவரும், பணத்தை வைத்திருப்பவரும் இங்கே ஒரே ஆள். பழசை அனுப்புபவருக்கு இது பலவீனம். அதனால் அனுப்பும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பி, "இது ஓகேதானே?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு பார்சல் போடுங்கள். அந்த ஒரு "ஓகே" பாதிச் சண்டையைத் தடுத்துவிடும்.

கூலியையும் டெபாசிட்டையும் ஒரே தொகையாகப் போடாதீர்கள். இரண்டு தனித்தனிப் பரிமாற்றம், இரண்டாவதில் "ஆர்மேச்சர் டெபாசிட், திரும்பத் தர வேண்டியது" என்று குறிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் புரியும்.

பணம் திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. ஒருவர் உங்களுக்குப் பணம் அனுப்ப உங்கள் யுபிஐ பின் தேவையே இல்லை. "ரீஃபண்ட் வர இதை அழுத்தி பின் போடுங்க" என்றால் அது மோசடி. தனிநபர்களுக்கிடையே பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்தியதே இந்த வகை ஏமாற்று அதிகமானதால்தான்.

எப்போது இது சரி: சிறு தொகை, கொடுப்பவரை நாலு பேருக்குத் தெரியும், பார்ட்டின் நிலையைப் போட்டோவிலேயே பார்த்துவிடலாம். பிரேக் ஷூ, கார்புரேட்டர் போன்றவற்றுக்கு இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை என்பேன்.

## வழி 2: நடுவில் ஒரு ஆள்

இருவருக்கும் தெரிந்த ஒருவர் பணத்தை வைத்திருப்பார். பழசு வந்து சேர்ந்து, கொடுத்தவர் சரி சொன்னால் பணம் திரும்பும். தகராறு என்றால் நடுவில் இருப்பவர் பார்த்துச் சொல்வார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஆள் வெறும் பணப்பெட்டி இல்லை, பஞ்சாயத்துத் தலைவர். அதனால் அவர் மெக்கானிக்காகவோ, குறைந்தது காம்யூட்டேட்டரைப் பார்த்துத் தேய்மானம் சொல்லத் தெரிந்தவராகவோ இருக்க வேண்டும். நல்லவர், பொதுவானவர், ஆனால் இன்ஜினைத் திறந்தே பார்க்காதவர் என்றால் பயனில்லை. தகராறு வரும்போது, "சரி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கோங்க" என்பார். ஸ்கிராப் அனுப்பியவருக்குப் பாதி லாபம். நல்லதை அனுப்பியும் பழி சுமந்தவருக்குப் பாதி நஷ்டம்.

இங்கே மறைந்திருக்கும் செலவு அவருடைய நேரமும் உறவும்தான். ஒரு வருடத்தில் பத்துப் பேருக்கு நடுவராக இருந்தால் நாலு பேரின் வருத்தம் அவருக்கு மிஞ்சும். கூலியும் கிடையாது. எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். மூன்று வருடம் செய்துவிட்டு, "இனி உங்க பணத்தை நீங்களே வச்சுக்கோங்க, எனக்கு வண்டி ஓட்டினா போதும்" என்று கும்பிடு போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எப்போது இது சரி: தொகை பெரியது, இருவரும் முன்பின் பழகாதவர்கள், பார்ட்டைத் திறந்து அளந்துதான் சொல்ல முடியும். முழு டைனமோ செட், மீட்டர் மாதிரி விஷயங்கள். நடுவருக்குப் பழசு நேரடியாகப் போய்ச் சேரும்படி வைத்தால் இன்னும் நல்லது. ஒரு தபால் செலவு கூடும், ஆனால் பார்த்தவரே தீர்ப்புச் சொல்வார்.

## வழி 3: தேதியிட்ட செக்

பெரிய தொகையை முடக்க மனமில்லாதவர்கள் செக் கொடுப்பார்கள். பார்ட் கொடுப்பவர் அதை வங்கியில் போடாமல் வைத்திருப்பார். பழசு வந்ததும் கிழித்துப் போட்டோ அனுப்புவார், அல்லது திருப்பி அனுப்புவார். பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கும்.

இதில் கால அளவுதான் முக்கியம். 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான். திருப்பி அனுப்ப இரண்டு மாதம் கெடு என்றால், செக்கில் இன்றைய தேதியைப் போட்டால் கொடுப்பவருக்கு மிஞ்சுவது ஒரே மாதம். அதனால் கெடு முடியும் நாளையே செக்கின் தேதியாகப் போடுவது இருவருக்கும் நல்லது.

ஒரு காரியம் மட்டும் செய்யவே கூடாது. கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் கொடுக்காதீர்கள். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், 20ஆம் பிரிவு, கையெழுத்திட்டுக் கொடுத்த, முழுசாக நிரப்பாத செக் போன்ற முறியை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு அதிகாரம் தருகிறது. பெயர், தொகை, தேதி மூன்றையும் நீங்களே எழுதி, இரண்டு கோடு போட்டுக் கொடுங்கள்.

கொடுப்பவர் பக்கம் இருந்து பார்த்தால், செக் ஒரு வாக்குறுதி மட்டும்தான். போட்ட அன்று கணக்கில் பணம் இல்லை என்றால் அதே சட்டத்தின் 138ஆம் பிரிவு இருக்கிறது, முப்பது நாளுக்குள் நோட்டீஸ், பதினைந்து நாள் கெடு, அப்புறம் வழக்கு. ஒரு பழைய ஆர்மேச்சருக்காக யார் அலைவது? வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு டஜன் ஆர்மேச்சர் தேடிவிடலாம்.

எப்போது இது சரி: இரவல் கருவிகளுக்கு. புல்லர், ஜிக், கிராங்க் செட்டிங் சாமான்கள். புதிதாக வாங்கும் முழு விலைக்கும் செக், குறுகிய கெடு. அதே பொருள்தான் திரும்பி வரும் என்பதால் நிலை பற்றிய விவாதம் குறைவு.

## வழி 4: டெபாசிட்டே வேண்டாம், பழசு முதலில்

நீங்கள் உங்கள் பழசை முதலில் அனுப்புகிறீர்கள். அவர் பார்த்து, நல்லது என்று சொன்ன பிறகு செய்து வைத்ததை அனுப்புவார், அல்லது உங்களுடையதையே செய்து திருப்புவார். பணம் முடங்காது. நிலை பற்றிய தகராறு முன்னாலேயே தீர்ந்துவிடும். ஸ்கிராப் என்றால் உங்களுக்கு அப்போதே தெரியும், கூலியும் போகாது.

வண்டி நிற்கும். அதுதான் விலை. தினம் அலுவலகத்துக்கு ஓட்டும் வண்டி என்றால் முடியாது. ஆனால் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், நம்மில் எத்தனை பேரின் யெஸ்டி தினம் ஓடுகிறது? ஷெட்டில் மூன்று மாதமாகப் படுதா மூடிக் கிடக்கும் வண்டிக்கு, இரண்டு வாரம் பார்ட் இல்லாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். கிராங்க் என்றால் பாதி இல்லை, எல்லோருக்குமே. அதன் நிலையைப் பிரஸ்ஸில் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், எந்தப் போட்டோவும் சொல்லாது.

இதில் அபாயம் இடம் மாறுகிறது, மறைவதில்லை. இப்போது உங்கள் பார்ட்தான் அவர் கையில் இருக்கிறது. உங்களுடையது தொழிற்சாலையிலிருந்து வந்த அசல், திரும்பி வருவது எங்கோ செய்த நகல் என்று ஆகலாம். அசலை மதிப்பவர்கள், மற்றவர் கண்ணில் படாத இடத்தில் ஒரு பஞ்ச் புள்ளி வைத்து, அதையும் போட்டோ எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

இன்ஜினின் வெளிக்கூடான கிராங்க் கேஸை மட்டும் எந்த வழியிலும் மாற்றிக்கொள்ளாதீர்கள். இன்ஜின் நம்பர் அதில்தான் அடித்திருக்கிறது, ஆர்.சி.யில் உள்ள நம்பரோடு பொருந்தாமல் போனால் தலைவலி டெபாசிட்டோடு நிற்காது.

## ஒரே பார்வையில்

| | யுபிஐ நேரடி | நடுவில் ஆள் | செக் | பழசு முதலில் |
|---|---|---|---|---|
| பணம் முடங்குமா | ஆம் | ஆம் | இல்லை | இல்லை |
| நிலையை முடிவு செய்பவர் | கொடுப்பவர் | நடுவர் | கொடுப்பவர் | கொடுப்பவர், ஆனால் பணம் கைமாறும் முன்பே |
| யாருக்கு அதிக அபாயம் | பழசு அனுப்புபவருக்கு | நடுவரின் நிம்மதிக்கு | கொடுப்பவருக்கு | பழசு அனுப்புபவருக்கு |
| மறைந்த செலவு | தாமதமாகத் திரும்பும் பணம் | உறவு, கூடுதல் தபால் | அலைச்சல், காலக்கெடு | வண்டி நிற்கும் நாட்கள் |
| பொருத்தமான பார்ட் | கார்புரேட்டர், பிரேக் ஷூ | டைனமோ செட், மீட்டர் | இரவல் கருவி | கிராங்க், ஆர்மேச்சர் |

ஆர்மேச்சரைக் கடைசிக் கட்டத்தில் போட்டது என் சூட்டுத் தழும்பால். காம்யூட்டேட்டரைத் தெளிவாகப் போட்டோ எடுக்கத் தெரிந்தவர்களுக்கு முதல் வழியே போதும்.

சிலர் பணத்துக்குப் பதில் இன்னொரு பார்ட்டைப் பிணையாகக் கேட்பார்கள். "உன் ஸ்பேர் டேங்கை அனுப்பு, பழசு வந்ததும் திருப்பறேன்." இரண்டு தபால் செலவு கூடும், சண்டை போட இன்னொரு பொருளும் கிடைக்கும். எனக்கு இது ஒத்துவரவில்லை. அப்புறம், பழசை வி.பி.பி.யில் (பெறுபவர் தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் பார்சல்) டெபாசிட் தொகைக்கு அனுப்பிவிடலாமே என்று பழைய ஆட்கள் கேட்பார்கள். யோசனை அழகுதான். ஆனால் பணம் கட்டிய பிறகுதான் பிரிக்க முடியும். உள்ளே ஆர்மேச்சருக்குப் பதில் செங்கல் இருந்தால் தபால்காரரிடம் கோபப்பட்டு என்ன பயன்?

## பார்சல் நடுவழியில் போனால்

எந்த வழியிலும் இந்தக் கேள்வி மிஞ்சும். ஸ்பீடு போஸ்ட்டில் பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ கிடைக்கும் இழப்பீடு, கட்டிய கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 150 ரூபாய் கட்டி அனுப்பிய பார்சலுக்கு அதிகபட்சம் 300 ரூபாய். உங்கள் டெபாசிட் அதைவிட அதிகம் என்றால் தனியாக இன்சூரன்ஸ் போடுங்கள். தனியார் கூரியர் என்றால் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

யார் சுமப்பது? கூரியரைத் தேர்ந்தெடுத்தவர் சுமக்கட்டும் என்பது என் கட்சி. "இந்த ஆபீசிலதான் போடணும்" என்று கொடுத்தவர் வற்புறுத்தினால் பொறுப்பும் அவருடையது.

கார்புரேட்டர் அனுப்பும்போது பெட்ரோலை முழுக்க வடித்து, கழுவி, வெயிலில் ஒரு நாள் காயவிடுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருளைத் தபாலில் அனுப்பக் கூடாது. வாடை வந்தாலே கவுண்டரில் திருப்பிவிடுவார்கள், உங்கள் கெடுவில் இரண்டு நாள் போகும். கெடு என்றதும் ஞாபகம் வருகிறது: அது பார்ட் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடட்டும், அனுப்பிய நாளிலிருந்து அல்ல. பொங்கல், தீபாவளி சமயங்களில் பார்சல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

நான் இப்போது பார்ட் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் போடும் செய்தி இது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பெயரும் தொகையும் மாற்றினால் போதும்:

"ரீவைண்ட் ஆர்மேச்சர் ஒன்று அனுப்புகிறேன். கூலி தனி. டெபாசிட் 1500, தனியாகப் போடவும். பார்சல் கிடைத்த 20 நாளுக்குள் பழசை அனுப்பவும். அனுப்பும் முன் காம்யூட்டேட்டர் போட்டோ வேண்டும். கடைய இடம் இருந்து, தண்டில் உட்காரும் ஓட்டை தேயாமல் இருந்தால் முழு டெபாசிட்டும் பழசு கிடைத்த மூன்று நாளில் திரும்பும். ஓட்டை தேய்ந்திருந்தால் 500 பிடிப்பேன். காம்யூட்டேட்டர் போயிருந்தால் பழசையே திருப்பி அனுப்புவேன், தபால் செலவு உங்களுடையது. வேறு நல்ல பழசு தேட இன்னும் 20 நாள் தருகிறேன். சரி என்றால் 'சரி' என்று பதில் போடவும்."

அந்த 'சரி' வருவதற்கு முன் பெட்டியை ஒட்டுவதில்லை.